கீரை மஞ்சளாகி நின்றுவிட்டது, மணல் கலக்கலாமா?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் 10 அடிக்கு 10 அடி இடம் இருக்கிறது. மழை பெய்தால் சேறு, காய்ந்தால் மண்வெட்டி இறங்காத கட்டாந்தரை. முதன்முதலாகக் கீரை விதைத்தேன். விரல் உயரம் வந்ததும் மஞ்சளாகி அப்படியே நின்றுவிட்டது. மணல் கொட்டினால் மண் சரியாகுமா?

பதில்: மணல் வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது களிமண். அதில் நாலைந்து கூடை மணல் சேர்த்தால் களி அந்த மணலைப் பிடித்துக்கொண்டு இன்னும் இறுகிப்போகும்.

கீரை மஞ்சளானதற்கு உரக் குறைவு மட்டுமே காரணம் என்று நினைக்காதீர்கள். நீர் தேங்கிய மண்ணில் காற்று இருக்காது. மூச்சு முட்டுகிற வேர், பக்கத்தில் இருக்கும் சத்தைக்கூட எடுக்காது. யூரியா தூவி இதைச் சரிசெய்ய முடியாது.

முழு இடத்தையும் இப்போதே கொத்த வேண்டாம். 4 அடி அகலம், 8 அடி நீளத்தில் ஒரே ஒரு மேட்டுப்பாத்தி போடுங்கள். அந்த அகலம் இருந்தால் இரண்டு பக்கமும் நின்றே களை எடுக்கலாம், பாத்திக்குள் கால் வைக்கவே வேண்டாம். மிதிபட்ட களிமண் மறுபடி இறுகிவிடும். அதேபோல் ஈரத்தில் கொத்தக் கூடாது. ஒரு பிடி மண்ணை உருட்டி விரலால் தட்டிப் பாருங்கள். உதிர்ந்தால் கொத்தலாம், பிசுபிசுவென்று ஒட்டினால் காத்திருங்கள்.

நன்றாக மக்கிய தொழுவுரமோ கம்போஸ்டோ 5 செ.மீ. கனத்துக்குப் பரப்பி, மேல் 15 செ.மீ. மண்ணோடு கலந்துவிடுங்கள். இந்தப் பாத்திக்கு 15 லிட்டர் வாளியால் சுமார் 10 வாளி ஆகும். சாணி வாடை அடித்தால் அது இன்னும் மக்கவில்லை, வேரைக் கருக்கிவிடும். மரத்தூளையும் பச்சையாக மண்ணில் கலக்காதீர்கள். அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் செடிக்கான தழைச்சத்தை (நைட்ரஜனை) எடுத்துக்கொள்ளும்.

அப்புறம், உடனே காய்கறி வைக்க ஆசையாக இருக்கும். ஆனாலும் முதல் போகத்தை மண்ணுக்கே கொடுங்கள் என்பேன். பசுந்தாள் உரச் செடியான சணப்போ, தட்டைப்பயறோ நெருக்கமாக விதைத்து, பூக்கும் சமயத்தில் அறுத்து மண்ணில் மடக்கிவிடுங்கள். இந்தச் செடிகளின் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தைச் சேர்த்துத் தரும், வேர் போன வழியெல்லாம் காற்றும் நீரும் இறங்கும். இரண்டு மூன்று வாரம் மக்கவிட்டு, தினமும் ஆறு மணி நேரமாவது வெயில் விழும் பக்கத்தில் வெண்டை, கத்தரி வையுங்கள். நிழல் படும் ஓரத்தில் கீரையை மறுபடி விதைத்துப் பாருங்கள். செடிகள் ஒரு சாண் வளர்ந்ததும் காய்ந்த சருகால் மூடாக்குப் போடுங்கள், தண்டை மட்டும் ஒட்டாமல். சில மாதம் கழித்து அந்தச் சருகை விலக்கிப் பார்த்தால் மண்புழு நெளிவது தெரியும். அப்போது அடுத்த பாத்தியைத் தொடங்கலாம்.