அந்தப் புத்தகத்தை மறுபடி எடுக்கலாமா?

மேற்கு மாம்பலத்தில் இருபத்தெட்டு வருடம் வாடகை நூலகம் நடத்தினேன். 2012இல் ஷட்டரை இறக்கினேன். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசகர் வட்டத்தில், சின்ன வயதில் உயிராகப் படித்த புத்தகங்களை வயதான பிறகு மறுபடி படிப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்கு மேடைப் பேச்சு வராது. கேள்வியைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள், பதில் சொல்கிறேன் என்றேன். அன்று நேரமில்லாமல் விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

மடிப்பாக்கத்திலிருந்து ஒருவர்: சார், ஏழாவது படிக்கும்போது இரும்புக்கை மாயாவி காமிக்ஸ் என்றால் எனக்கு உயிர். மறுபதிப்பை ஆசையாக வாங்கினேன். பத்துப் பக்கம் தாண்டவில்லை. அப்போது எனக்கு ரசனையே இல்லையா?

ரசனைக்கு ஒரு குறையும் இல்லை சார். அந்தக் கதை எழுதப்பட்ட விதம் அப்படி. இங்கிலாந்தில் ஒரு சிறுவர் வார இதழில், வாரத்துக்கு இரண்டு மூன்று பக்கமாக வந்த தொடர் அது. ஒவ்வொரு தவணை முடிவிலும் ஆள் மாட்டிக்கொள்ள வேண்டும், அடுத்த வாரம் முதல் கட்டத்திலேயே தப்பிக்க வேண்டும். அதைச் சேர்த்து ஒரே புத்தகமாக்கி 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் முதல் இதழாக வந்தது. இன்று ஒரே மூச்சில் படித்தால் இரண்டு பக்கத்துக்கு ஒருமுறை தூக்கிவாரிப்போடுகிறது. அன்று நமக்கு அது தெரியவில்லை. பெஞ்சுக்கு அடியில் வைத்து, வாத்தியார் போர்டு பக்கம் திரும்பும்போது நாலு கட்டம், அப்புறம் மூடிவிட்டு மறுபடி நாலு கட்டம் என்றுதானே படித்தோம்? நம் படிப்பும் துண்டு துண்டு, கதையும் துண்டு துண்டு. பொருந்திப்போயிற்று.

இன்னொன்று. மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து, அந்த இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் நிற்குமே, அந்தக் கட்டத்தைப் பாருங்கள். ஓவியர் வரைந்தது ஒரு மணிக்கட்டும் ஐந்து விரலும்தான். மீதி ஆளை வரைந்தது நீங்கள். நாற்பத்தைந்து வயதில் நீங்கள் வரைவதை நிறுத்திவிட்டீர்கள், கதை காலியாகத் தெரிகிறது.

எதையாவது மறுபடி எடுக்குமுன் நான் ஒன்று செய்வேன். கண்ணை மூடிக்கொண்டு, இதில் முதலில் என்ன ஞாபகம் வருகிறது என்று பார்ப்பேன். படம் வந்தால் படத்தைப் பார்க்க எடுக்கலாம். ஒரு ஆளோ வசனமோ வந்தால் கதையைப் படிக்கலாம். மொட்டை மாடி, பாட்டி வீட்டுத் திண்ணை, முறுக்கு டப்பா என்று வந்தால், அது புத்தகத்துக்குள் இருக்காது. புத்தகத்தின் மேல் கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்லை. நாம் நேசித்தது கதையை மட்டும் இல்லை, அந்தப் பிரதியை. சாணித்தாள், கிழிந்த அட்டை, முதல் பக்கத்தில் யாரோ பேனாவால் எழுதிய பெயர் எல்லாம் சேர்ந்ததுதான் அது. வழவழ தாளில் வந்த மறுபதிப்பு அது இல்லை.

இதைச் சொன்னதற்காக மறுபதிப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தினம் எட்டுப் பக்கம் என்று படித்துப் பாருங்கள். முதல் கதையில் உங்கள் நாயகன் கெட்டவனாகத்தான் கிளம்புகிறான், கவனித்தீர்களா? எனக்கு ஐம்பது வயதில்தான் அது உறைத்தது.

பெரம்பூரிலிருந்து ஒரு அம்மா: அம்புலிமாமா வேதாளக் கதைகளைப் பழைய இதழ்களில் திரும்பப் படிக்கிறேன். விக்கிரமாதித்தன் சொல்லும் பதில் பல இடங்களில் எரிச்சலாக இருக்கிறது. எனக்கு மட்டும்தானா?

நல்ல அறிகுறி அம்மா. சின்ன வயதில் நமக்குக் கேள்வியே காதில் விழாது. எப்போது வேதாளம் பறக்கும், அந்தப் படம் எப்போது வரும் என்பதுதான். ராஜா தோளில் பிணம், கையில் வாள், சுற்றிலும் எலும்பும் பாம்பும். ஓவியர் சங்கர் 1950களின் தொடக்கத்தில் அம்புலிமாமாவில் சேர்ந்து அரை நூற்றாண்டுக்கு மேல் வரைந்தவர், 2020இல்தான் மறைந்தார். என் தலைமுறையில் பாதிப் பேருக்கு ராஜா என்றால் அவர் போட்ட மூக்கும் மீசையும்தான்.

மூலக் கதைகள் மொத்தம் இருபத்தைந்துதான். பத்திரிகையோ 1947இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் வந்தது. மாதம் ஒரு வேதாளக் கதை என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இருபத்தைந்து தீர்ந்த பிறகு வேறு கதைகளை அந்தச் சட்டத்துக்குள் உட்கார வைத்தார்கள். தோளில் தூக்கு, கதை சொல், கேள்வி கேள், மரத்துக்குப் போ. அதனால் சில பதில்கள் ஒட்டுப்போட்ட மாதிரி இருப்பது உங்கள் பிரமை இல்லை.

ஆனால் மூலத்திலேயே எரிச்சல் உண்டு. தலை மாறிய கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கோயிலில் ஒரு பெண்ணின் கணவனும் அவள் உடன்பிறந்தவனும் தலையை வெட்டிக்கொண்டு கிடக்கிறார்கள். அம்மன் வரம் தர, அந்தப் பெண் பதற்றத்தில் தலைகளை மாற்றி ஒட்டிவிடுகிறாள். இப்போது யார் அவள் கணவன்? உறுப்புகளில் தலைதானே பிரதானம், கணவன் தலை இருக்கிறவனே கணவன் என்கிறார் ராஜா. பத்து வயதில் ‘அடடா, என்ன அறிவு!’ என்று இருந்தது. போன வருடம் படித்தபோது, அந்தப் பெண்ணை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்றுதான் தோன்றியது. ராஜாவும் கேட்கவில்லை, வேதாளமும் கேட்கவில்லை.

ஒரு யோசனை. கேள்வி வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வீட்டில் இருப்பவர்களிடம் கேளுங்கள். எங்கள் வீட்டில் ஒரு கதைக்கு மூன்று நாள் சண்டை நடந்தது. மாமியார், மருமகள், நான் என்று மூன்று கட்சி. ராஜாவின் பதிலைக் கடைசி வரை யாரும் பார்க்கவே இல்லை.

அண்ணாநகரிலிருந்து ஒருவர்: பதினாலு வயதில் பொன்னியின் செல்வனை ஒரு வாரத்தில் முடித்தேன். இப்போது இரண்டாம் பாகத்தில் நின்றுவிட்டது. ஏன்?

அது ஒரு வாரத்தில் படிக்க எழுதியதே இல்லை. 1950 முதல் 1954 வரை, ஏறக்குறைய மூன்றரை வருடம் வாராவாரம் வந்தது. ஐந்து பாகம், கிட்டத்தட்ட 300 அத்தியாயம். ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு கொக்கி. பதினாலு வயதில் கொக்கிக்குக் கொக்கி தாவினீர்கள். இப்போது அந்தத் தாவல் அலுக்கிறது. தூங்கப்போகுமுன் ஒரே ஒரு அத்தியாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு வருடத்துக்குள் முடிந்துவிடும்.

அப்புறம், வந்தியத்தேவனைக் கொஞ்சம் விட்டுவிட்டுப் பெரிய பழுவேட்டரையர் பின்னால் போய்ப் பாருங்கள். அறுபது தாண்டிய கிழவருக்கு இளம் மனைவி என்று ஊரே சிரிக்கிறது, நாமும் சேர்ந்து சிரித்தோம். உடம்பெல்லாம் போர்க் காயத் தழும்போடு ஒரு மனிதர் ஏமாந்துகொண்டே இருக்கிறார், ஏமாறுவது அவருக்கே அரைகுறையாகத் தெரிகிறது. எனக்கு இப்போது அறுபத்தெட்டு. சிரிக்க முடியவில்லை.

பதிப்பு வாங்கும்போது பார்த்து வாங்குங்கள். கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமை ஆனதால் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். ஓவியர் மணியத்தின் படங்கள் இல்லாத பதிப்புகள் நிறைய. எங்கள் வீட்டில் அத்தை பத்திரிகையிலிருந்து வாராவாரம் பக்கத்தைக் கிழித்து பைண்டு பண்ணிய பிரதி இருந்தது. கதைக்குப் பின்பக்கம் கூந்தல் தைல விளம்பரம். குந்தவை என்றாலே எனக்கு இன்னும் அந்த ஜடைதான் ஞாபகம் வருகிறது.

ராயபுரத்திலிருந்து: என் ஒன்பது வயதுப் பெண்ணிடம் நான் படித்த புத்தகங்களைக் கொடுத்தேன். தள்ளிவைத்துவிட்டாள். எனக்கு வருத்தம்.

அவள் தள்ளியது புத்தகத்தை, உங்களை இல்லை. ‘நான் உன் வயதில்’ என்று ஆரம்பித்துக் கொடுத்திருப்பீர்கள், சரியா? அது மருந்து ஸ்பூன். கண்ணில் படுகிற இடத்தில் போட்டுவிட்டு நீங்கள் படித்துச் சிரியுங்கள், வருவாள். வராவிட்டாலும் பரவாயில்லை.

தி.நகரிலிருந்து: பழைய கதைகளில் நிறம், உருவம் பற்றிய கேலி நிறைய. குழந்தைக்குக் கொடுக்குமுன் திருத்திவிடலாமா?

பெரிய பதிப்பாளர்களே திருத்திப் பார்த்தார்கள். எனிட் பிளைட்டனின் ‘ஃபேமஸ் ஃபைவ்’ சிறுவர் சாகசத் தொடரின் பழைய ஆங்கிலத்தை 2010இல் புதுப்பித்தார்கள். வாசகர்களுக்குப் பிடிக்கவில்லை, 2016இல் பழையதற்கே திரும்பினார்கள். 2023இல் ரோல் தால் கதைகளில் ‘குண்டு’ போன்ற சொற்களை மாற்றியபோது பெரிய சத்தம் கிளம்பியது, மூல வடிவமும் விற்பனையில் இருக்கும் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று.

நம் கதைகள் மட்டும் யோக்கியமா? ராட்சசன் என்றால் கறுப்பு, இளவரசி என்றால் சிவப்பு, முட்டாள் வேலைக்காரன் என்றால் தொப்பை. நானே கறுப்புதான். படிக்கும்போது ஒருநாளும் தோன்றவில்லை, ஐம்பது வயதில் பக்கத்துக்குப் பக்கம் உறுத்தியது. ஆனாலும் பேனாவை எடுத்து அடிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள், அந்த இடத்தில் ‘இது என்ன பேச்சு?’ என்று சத்தமாகச் சொல்லுங்கள். குழந்தைக்குப் புரியும். தாங்கவே முடியாத கதை என்றால் கொடுக்க வேண்டாம், அவ்வளவுதான். உலகத்தில் கதைக்கா பஞ்சம்?

வேளச்சேரியிலிருந்து: பெயர் ஞாபகமில்லை. வால் நீண்டுகொண்டே போகும் ஒரு குரங்கு. எங்கே கிடைக்கும்?

கபீஷ். தமிழில் பூந்தளிரில் படித்திருப்பீர்கள், வாண்டுமாமா ஆசிரியராக இருந்த 1980களின் இதழ். தேடுவதென்றால் லஸ் முனை நடைபாதை, திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் ரோடு, சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட் கடைகள். பழைய மூர் மார்க்கெட் 1985இல் எரிந்ததில் போனது போனதுதான். இப்போது கடைக்காரர்களுக்கும் விலை தெரியும். முகத்தில் ஆசையைக் காட்டாமல் பக்கத்தில் இருக்கும் சமையல் புத்தகத்தை முதலில் விலை கேளுங்கள். படித்தால் போதும், சொந்தமாக வேண்டாம் என்றால் கன்னிமாராவிலும் தரமணி ரோஜா முத்தையா நூலகத்திலும் விசாரியுங்கள். பழைய இதழ்களைப் பொறுத்தவரை பின்னது தங்கச் சுரங்கம்.

முடிச்சூரிலிருந்து: 2015 வெள்ளத்தில் தப்பிய பத்துப் பதினைந்து புத்தகம் இருக்கிறது. எப்படிக் காப்பாற்றுவது?

செல்லோடேப் ஒட்டாதீர்கள், நாலு வருடத்தில் அதுவே பழுப்பாகித் தாளைத் தின்னும். துருப்பிடித்த பின்னை மெதுவாகக் கழற்றிவிட்டு நூலால் தையுங்கள். வெயிலில் போட்டால் தாள் அப்பளம் ஆகும், நிழலில் ஃபேன் காற்று போதும். ராமபாணப் பூச்சிக்குத் துணிப்பையில் வசம்பு கட்டி வைக்கிறேன். ஆனால் மாதம் ஒருமுறை எடுத்துப் புரட்டுவதுதான் நிஜமான மருந்து. சுவரை ஒட்டி வைக்காதீர்கள், நம்ம ஊர் ஈரம் சுவர் வழியாகத்தான் வரும்.

குரோம்பேட்டையிலிருந்து: ஒரு கதையின் முடிவு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. புத்தகத்தில் பார்த்தால் வேறு முடிவு. இப்படி நடக்குமா?

நடக்கும். எனக்கே நடந்தது. எட்டு வயதில் அம்மை போட்டிருந்தபோது, வேப்பிலைப் படுக்கையில் கிடந்த எனக்கு அக்கா ஒரு மாத இதழிலிருந்து கதை படித்துச் சொன்னாள். காட்டில் தொலைந்த தம்பியை அவன் வளர்த்த நாய் மோப்பம் பிடித்துக் கண்டுபிடித்து வீட்டுக்குக் கூட்டி வரும். கடைசி வரியில் அம்மா இருவருக்கும் ஒரே தட்டில் சோறு போடுவாள். வருடக்கணக்காகத் தேடி, போன டிசம்பரில் லஸ்ஸில் அந்த இதழ் முழுசாகக் கிடைத்தது. அங்கேயே நின்றபடி கடைசிப் பக்கத்தைப் பிரித்தேன். நாய் செத்துவிடுகிறது.

அக்காவுக்குப் போன் போட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அடப்போடா, நம்ம வீட்டுப் புத்தகத்துல கடைசி ரெண்டு பக்கமே கிழிஞ்சிருந்துச்சு. நீ அழுவேன்னு நானா ஒண்ணு சொன்னேன்” என்றாள். அப்புறம், “நிஜமா அதுல எப்படிடா முடியுது?” என்று கேட்டாள்.

நேரில் வரும்போது எடுத்து வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் போகவில்லை.