இங்கிலாந்துக் கிராமத்தில் பாரிஷ் கவுன்சிலிடம் ஒரு வேலையை நடத்திக்கொள்வது எப்படி?

கேள்வியின் சுருக்கம் இது: ஊருக்கு நடுவே போகும் சாலையில் 30 மைல் வேகவரம்பை யாரும் மதிப்பதில்லை. வண்டியின் வேகத்தைக் காட்டும் மின்பலகை வேண்டும். ஊரின் அடிமட்ட உள்ளாட்சி அமைப்பான பாரிஷ் கவுன்சிலின் கூட்டத்தில் எழுந்து பேசியும் "குறித்துக்கொண்டோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்து என்ன செய்வது?

அவர்கள் தட்டிக்கழித்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கூட்டத்தின் தொடக்கத்தில் பொதுமக்கள் பேசுவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம், ஆளுக்கு மூன்று நிமிடம் என்று ஒதுக்குவது வழக்கம். அது கவுன்சில் தன் விதிகளில் தரும் வாய்ப்பு. பொது அமைப்புகளின் கூட்டங்களுக்கு மக்களை அனுமதிக்கும் 1960-ம் ஆண்டுச் சட்டம் உங்களுக்குத் தருவது உட்கார்ந்து கவனிக்கும் உரிமை மட்டுமே. நீங்கள் அங்கே சொன்னதன் மேல் அன்றைக்கே முடிவெடுக்க அவர்களால் முடியாது, ஏனென்றால் அஜெண்டாவில் குறிப்பாகச் சொல்லப்படாத விஷயத்தில் எடுத்த முடிவு சட்டப்படி நிற்காது. கடைசியில் "இதர விஷயங்கள்" என்று ஒரு வரி போட்டு, அதன்கீழ் பணம் செலவழிக்கத் தீர்மானம் போடும் கவுன்சில்கள் இன்னமும் உண்டு. யாராவது எதிர்த்துக் கேட்டால் அந்தத் தீர்மானம் கவிழ்ந்துவிடும்.

ஆகவே கிளார்க்குக்கு எழுதுங்கள். தலைவருக்கு அல்ல, தெரிந்த கவுன்சிலருக்கும் அல்ல. பாரிஷ் கவுன்சிலில் சம்பளம் வாங்குபவர் பெரும்பாலும் கிளார்க் ஒருவர்தான், அதுவும் பகுதிநேரமாக, வாரத்துக்குச் சில மணிநேரம். அஜெண்டாவில் கையெழுத்திட்டு வெளியிடுவது அவர். கணக்குப் பொறுப்பும் சிறிய ஊர்களில் அவரிடமே இருக்கும். தனி ஒரு கவுன்சிலருக்கு, தலைவரே ஆனாலும், எதையும் முடிவு செய்யும் அதிகாரம் கிடையாது. 1972-ம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் அதிகாரத்தைக் குழுவுக்கோ அலுவலருக்கோ ஒப்படைக்க விடுகிறது, தனி உறுப்பினருக்கு ஒப்படைக்க விடுவதில்லை. "தலைவர் சரி என்று சொன்னாரே" என்பதற்கு அதனால் எந்த மதிப்பும் இல்லை.

கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். எந்த இடம், எந்தக் கம்பத்தில் பொருத்தலாம், என்ன விலை, யார் பராமரிப்பார்கள், கவுன்சில் என்ன தீர்மானம் போட வேண்டும் என்று எழுதுங்கள். "வேகத்தைப் பற்றி ஏதாவது செய்யுங்கள்" என்றால் பேசிவிட்டுக் கலைவார்கள். "பலகைக்கு மூன்று விலைப்புள்ளி வாங்கக் கிளார்க்குக்கு அனுமதி தருக" என்றால் கைதூக்கி வாக்களிக்க ஒரு வாக்கியம் கிடைக்கிறது.

தேதியையும் கவனியுங்கள். கூட்ட அறிவிப்புக்கும் கூட்டத்துக்கும் இடையே மூன்று முழு நாட்கள் இருக்க வேண்டும். அறிவிப்பு ஒட்டும் நாளும் கூட்ட நாளும் சேராது, ஞாயிறும் வங்கி விடுமுறையும் சேராது. செவ்வாய்க்கிழமை கூட்டம் என்றால் முந்தைய வியாழனுக்குள் அறிவிப்புப் பலகையில் அஜெண்டா இருக்க வேண்டும். உங்கள் கடிதம் கூட்டத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போய்ச் சேர்ந்தால்தான் கிளார்க்குக்கு நேரமிருக்கும். ஆகஸ்டில் பல கவுன்சில்கள் கூடுவதே இல்லை. சட்டப்படி ஆண்டுக் கூட்டம் போக மூன்று கூட்டம் போதும் என்பதால் மிகச் சிறிய ஊர்களில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கூடுவார்கள்.

இனி பணம். பெரும்பாலான கோரிக்கைகள் இங்கேதான் சிக்குகின்றன. பாரிஷ் கவுன்சிலின் முதன்மை வருமானம் பிரிசெப்ட், அதாவது உங்கள் கவுன்சில் டாக்ஸ் என்ற வீட்டு வரி பில்லில் ஊருக்கென்று தனி வரியாக வரும் சிறு தொகை. வசூலிப்பது அடுத்த படியிலுள்ள மாவட்டக் கவுன்சில். இந்த வரிக்காக வீடுகளை மதிப்பின்படி பேண்டுகளாகப் பிரித்திருப்பார்கள், அதில் அளவுகோல் பேண்ட் டி. ஊரில் உள்ள வீடுகளையெல்லாம் பேண்ட் டி வீடுகளாக மாற்றிக் கணக்கிட்டு வரும் எண்ணால் பிரிசெப்டை வகுத்தால் ஒரு பேண்ட் டி வீட்டின் பங்கு கிடைக்கும். பிரிசெப்ட் 24,000 பவுண்டு, அந்த எண் 480 என்றால் வீட்டுக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு. பலகை 3,000 பவுண்டு என்று வைத்துக்கொண்டால் அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் வீட்டுக்கு 6.25 பவுண்டு கூடும். கடிதத்தில் இந்தக் கடைசி எண்ணைப் போடுங்கள். 3,000 என்றால் தயங்கும் கவுன்சிலர் 6.25 என்றால் கேட்பார்.

இந்த எண்ணும் உரிய மாதத்தில் போக வேண்டும். பட்ஜெட் வரைவு அக்டோபர், நவம்பரில் தயாராகும். மாவட்டம் வரி அடித்தளத்தை, அதாவது மேலே சொன்ன பேண்ட் டி வீடுகளின் எண்ணை, டிசம்பர் 1-க்கும் ஜனவரி 31-க்கும் இடையே நிர்ணயிக்கும். பெரும்பாலான பாரிஷ்கள் ஜனவரிக் கூட்டத்தில் பிரிசெப்டைத் தீர்மானிக்கும், மார்ச் 1-க்கு முன் அது மாவட்டத்துக்குப் போயாக வேண்டும். பிப்ரவரியில் கேட்டால் அடுத்த ஆண்டு ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியதுதான், அல்லது சேமிப்பிலிருந்து எடுக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். நல்ல கோரிக்கைகள் செத்துப்போக மிகப் பெரிய காரணம் கேட்ட மாதம் என்பது என் கணிப்பு.

வாங்குவது கவுன்சிலாகவே இருக்கட்டும். பாரிஷ் கவுன்சில் தன் தொழில்சாராச் செலவுகளின் மேல் கட்டிய வாட் வரியைத் திரும்பப் பெறலாம். 3,000 பவுண்டு பலகைக்கு பில் 3,600 வரும், அதில் 600 திரும்பி வந்துவிடும். ஆனால் ஆர்டர் கவுன்சில் பெயரில், பில் கவுன்சில் பெயரில், பணமும் கவுன்சில் கணக்கிலிருந்து போக வேண்டும். ஆர்வக்கோளாறில் ஊர்க்காரர் ஒருவர் தன் கார்டில் வாங்கிவிட்டு ரசீதை நீட்டினால் அந்த 600 போனது போனதுதான்.

எந்தச் சட்ட அதிகாரத்தின் கீழ் செலவு என்பதும் மினிட்ஸில், அதாவது கூட்டக் குறிப்பில், வர வேண்டும், ஏனென்றால் சட்டம் அனுமதித்ததை மட்டுமே பாரிஷ் கவுன்சில் செய்யலாம். சாலையோர எச்சரிக்கைக்கு 1984-ம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்து ஒழுங்குமுறைச் சட்டத்தின் 72-ம் பிரிவைக் காட்டுவார்கள். வேறெந்தப் பிரிவிலும் அடங்காத செலவுக்கு 1972-ம் ஆண்டுச் சட்டத்தின் 137-ம் பிரிவு இருக்கிறது. அதில் வாக்காளர் ஒருவருக்கு இவ்வளவு என்று ஆண்டு வரம்பு உண்டு, 2024-25-ல் அது 10.81 பவுண்டு. கவுன்சிலர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் தேர்தல் வழியாக வந்தவர்களாகவும், கிளார்க் உரிய தகுதிச் சான்று பெற்றவராகவும் இருந்தால், 2011-ம் ஆண்டு உள்ளாட்சிமயச் சட்டம் தரும் பொது அதிகாரத்தைக் கவுன்சில் எடுத்துக்கொள்ளலாம். அதன்பின் இந்தப் பிரிவுத் தேடல் பெருமளவு குறைந்துவிடும்.

பணம் ஒதுக்கியாயிற்று என்றாலும் பலகையை மாட்டிவிட முடியாது. சாலை பாரிஷுடையது அல்ல, மாவட்டத்துக்கும் மேலுள்ள கவுண்டி கவுன்சிலுடையது. வில்ட்ஷயர், கார்ன்வால், சாமர்செட், வட யார்க்ஷயர் போன்ற இடங்களில் கவுண்டியும் மாவட்டமும் ஒரே கவுன்சிலாகிவிட்டன, அங்கே அந்த ஒரே கவுன்சில். கம்பத்துக்கும் இடத்துக்கும் அவர்களின் நெடுஞ்சாலைப் பிரிவு எழுத்தில் அனுமதி தர வேண்டும். இதை ஆர்டருக்கு முன்னால் வாங்குங்கள். பலகை ஊர்க் கூடத்து அலமாரியில் ஒரு வருஷம் தூங்குவதற்குக் காரணம் இந்த வரிசை மாறியதுதான்.

மாட்டிய பிறகு வரும் தொல்லை பேட்டரி. அதைக் கழற்றி மாற்றவும், பலகையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தவும் ஆள் வேண்டும். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் இருந்தால் ஓட்டுநர்கள் அதைக் கண்டுகொள்வதை நிறுத்திவிடுவார்கள். ஏணி ஏறுபவர் கவுன்சிலின் காப்பீட்டில் அடங்குவாரா என்று கிளார்க் உறுதி செய்ய வேண்டும். தகவல் பதிவு செய்யும் மாதிரியாக வாங்கினால் எந்த மணியில் எவ்வளவு வேகம் என்ற கணக்கு கிடைக்கும். பலகையைவிட இந்தக் கணக்கு பயனுள்ளது என்றே சொல்வேன். பின்னாளில் 20 மைல் வரம்பு கேட்டு கவுண்டியிடம் போகும்போது கையில் எடுத்துப்போக அதுதான் இருக்கும்.

சாலைக்குழி, குப்பை வண்டி, பள்ளிக்கூடம், முதியோர் பராமரிப்பு எதுவும் பாரிஷின் கையில் இல்லை. அதன் கையில் இருப்பவை ஊர்க்காரர்கள் பயிரிட வாடகைக்கு விடும் அலாட்மென்ட் தோட்டம், இடுகாடு, விளையாட்டிடம், பேருந்து நிழற்குடை, நடைபாதை விளக்கு, ஊர்ப் பொதுப் புல்வெளி போன்றவை. வீடு கட்டும் விண்ணப்பங்களிலும் பாரிஷ் வெறும் கருத்துச் சொல்லும் அமைப்புதான். 21 நாளுக்குள் மாவட்டத்துக்கு எழுதும், முடிவு மாவட்டத்துடையது. அங்கே சாலைப் பாதுகாப்பு, வடிகால், பக்கத்து வீட்டு வெளிச்சம் பற்றி எழுதினால் கணக்கில் எடுப்பார்கள். "என் வீட்டு விலை குறையும்", "என் ஜன்னல் காட்சி போய்விடும்" என்பவற்றை எடுக்கமாட்டார்கள். ஐம்பது பேர் எழுதினாலும் அப்படித்தான்.

பாரிஷ் என்ற பெயரால் தேவாலயத்தோடு குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. 1894-ம் ஆண்டுச் சட்டமே இரண்டையும் பிரித்து, ஊர் நிர்வாகத்தைத் தேர்ந்தெடுத்த கவுன்சிலிடம் கொடுத்துவிட்டது. ஆனாலும் ஒரு கண்ணி பாக்கி இருக்கிறது. இனி அடக்கம் செய்ய முடியாது என்று மூடப்பட்ட தேவாலய இடுகாட்டின் பராமரிப்பை, தேவாலயச் சபை மூன்று மாத அறிவிப்புக் கொடுத்து பாரிஷ் கவுன்சில் தலையில் வைக்கலாம். அந்த மூன்று மாதத்துக்குள் பாரிஷ் அதை மாவட்டத்துக்குத் தள்ளிவிடலாம். தபாலைக் கவனிக்காமல் கெடு கடந்தால் சாயும் மதில், சரியும் கல்லறைக்கல், பழைய மரங்கள் எல்லாம் அந்தச் சிறிய பிரிசெப்டின் பொறுப்பு. அஜெண்டாவில் இது வந்தால் அன்றைக்குக் கட்டாயம் போய் உட்காருங்கள்.

நீங்களே கவுன்சிலராவதும் ஒரு வழி. இங்கே தமிழர்களுக்குத் தெரிய வேண்டிய ஒரு வேறுபாடு உண்டு. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் காமன்வெல்த் நாடுகள் என்பதால், அந்தக் குடியுரிமையோடு முறையான விசாவில் வசிப்பவர் எந்த விசாவாக இருந்தாலும் வாக்காளராகப் பதியலாம். வேட்பாளராக நிற்க மட்டும் நிரந்தர வசிப்புரிமை வேண்டும், அல்லது அனுமதியே தேவைப்படாத நிலையில் இருக்க வேண்டும். வயது 18. ஊர் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும், அல்லது பன்னிரண்டு மாதமாக ஊரிலோ அதன் எல்லையிலிருந்து மூன்று மைலுக்குள்ளோ வசிக்க வேண்டும், அல்லது அதே பன்னிரண்டு மாதமாக முதன்மை வேலை அந்த ஊரில் இருக்க வேண்டும். டெபாசிட் கிடையாது. இடங்களைவிட வேட்பாளர்கள் குறைவென்றால் வாக்குப்பதிவே இல்லாமல் தேர்வாவீர்கள், சிறிய ஊர்களில் அதுதான் வழக்கம். நடுவில் இடம் காலியானால் அறிவிப்பு வெளிவந்து 14 வேலை நாளுக்குள் பத்து வாக்காளர்கள் தேர்தல் கேட்கலாம். கேட்காவிட்டால் கவுன்சிலே ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும். அந்தத் தேர்தலின் செலவு பாரிஷ் தலையில் விழும் என்பதால் ஊரில் பலர் கேட்கத் தயங்குவார்கள். தேர்வானதும் 28 நாளுக்குள் சொத்து, தொழில் சார்ந்த சொந்த நலன்களைப் பதிவு செய்ய வேண்டும். அந்த நலன்களைத் தொடும் விஷயம் வரும்போது பேசினாலோ வாக்களித்தாலோ அது குற்றவழக்கு வரை போகக்கூடியது. ஆறு மாதம் தொடர்ந்து கூட்டத்துக்கு வராமல், ஏற்கத்தக்க காரணமும் இல்லாமல் இருந்தால் பதவி தானாகப் போகும்.

ஜூமில் வந்து வாக்களிக்கலாமா என்றால், கொரோனா காலத்தில் அதற்கு அனுமதி இருந்தது. 2020 டிசம்பரில் செஷரின் ஹேண்ட்ஃபோர்த் கவுன்சில் ஜூமில் கூச்சலிட்டுக்கொண்டதும், கூட்டத்தை நடத்த வந்த ஜாக்கி வீவரைப் பார்த்து "உங்களுக்கு இங்கே அதிகாரமில்லை" என்று கத்தியதும் 2021 பிப்ரவரியில் உலகம் முழுக்க ஓடியது அந்த இடைக்கால விதிகளின் தயவில்தான். அந்த விதிகள் 2021 மே 7-ல் காலாவதியாகிவிட்டன.

கவுன்சில் கேட்கவே மறுத்தால் மக்கள் புகார்களை விசாரிக்கும் உள்ளாட்சி ஆம்புட்ஸ்மனிடம் போக நினைக்க வேண்டாம், பாரிஷ் கவுன்சில்கள் பொதுவாக அவர் வரம்புக்குள் வருவதில்லை. தனி உறுப்பினரின் நடத்தை பற்றிய புகார் மாவட்டத்தில் உறுப்பினர் நடத்தையைக் கவனிக்கும் அலுவலரான மானிட்டரிங் ஆபீசருக்குப் போகும். ஆறு வாக்காளர்கள் சேர்ந்து, கவுன்சில் கூட்டம் அல்லாத, ஊர் வாக்காளர்கள் எல்லோருக்குமான ஊர்க் கூட்டத்தையே கூட்டலாம். அங்கே பத்துப் பேர், அல்லது வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு, இரண்டில் எது குறைவோ அத்தனை பேர் கேட்டால் ஊர் வாக்கெடுப்பு நடந்தாக வேண்டும். மாலை 4 முதல் 9 மணி வரை, தபால் வாக்கு இல்லை, முடிவு கவுன்சிலைக் கட்டுப்படுத்தாது, செலவு பிரிசெப்டிலிருந்து. சத்தம் பெரிது, பலன் சிறிது என்பதே என் கருத்து.

இதைவிடக் கூர்மையானது கணக்குப் பார்க்கும் உரிமை. ஆண்டுக் கணக்கு ஜூன் 30-க்குள் ஏற்கப்பட்ட பின், ஜூலையின் முதல் பத்து வேலை நாட்களையும் உள்ளடக்கிய 30 வேலை நாட்களுக்கு ரசீது, ஒப்பந்தம், வங்கிப் பதிவு எல்லாவற்றையும் ஊர்க்காரர் பார்வையிட்டு நகல் கேட்கலாம். வாக்காளர் என்றால் வெளித் தணிக்கையாளரிடம் ஆட்சேபமும் தரலாம். ஆட்சேபத்தை விசாரிக்கும் தணிக்கையாளரின் கட்டணம் கவுன்சிலிடம் வசூலிக்கப்படும் என்பதால், அதற்கு முன் கிளார்க்கிடம் அந்த ஒரு ரசீதைக் கேட்டுப் பார்த்துவிடுங்கள்.