செக்குக்குக் காயும் விதையும் நாற்றுக்கு உதவும் விதையும்

தேவகோட்டைப் பக்கத்து வாசகர் ஒருவர், ஆடியில் ஊருணிக்கரையில் சேகரித்த இலுப்பை, வேம்பு, சரக்கொன்றை விதைகளை மொட்டைமாடி வெயிலில் நான்கு நாள் காயவைத்து, இறுக மூடிய டப்பாவில் வைத்திருந்து ஐப்பசி மழைக்கு விதைத்ததாகவும், ஒன்றுகூட முளைக்கவில்லை என்றும் எழுதி, காரணம் கேட்டிருக்கிறார்.

மூன்றும் முளைக்காமல் போனதற்கு மூன்று காரணங்கள் உண்டு. உலர்த்தினால் நெடுநாள் உயிரோடிருக்கும் விதைகளையும், உலர்ந்தாலே செத்துவிடும் விதைகளையும் விதை ஆய்வாளர் ராபர்ட்ஸ் 1973இல் இரு வகையாகப் பிரித்துக் காட்டினார். இலுப்பை இரண்டாம் வகை. விளக்கேற்றும் எண்ணெய்க்காக இலுப்பைக் கொட்டையைக் கலகலவென்று சத்தம் வரும்வரை காயப்போடுவது நம் பக்கத்துப் பழக்கம். செக்குக்கு அது சரியான பக்குவம், முளைக்கோ அதுவே சாவு. வௌவால் சதையைத் தின்றுவிட்டுப் போட்ட கொட்டைகளை அன்றன்றே பொறுக்கி, கழுவி, ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்து, இரண்டு வாரத்துக்குள் மண்ணில் ஊன்றிவிட வேண்டும். நாவலுக்கும் இதே முறைதான். குளிர்பெட்டியில் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். இப்படிப்பட்ட ஈர விதைகள் பெரும்பாலும் குளிரையும் தாங்குவதில்லை.

வேம்பு இவ்விரு வகைக்கும் நடுவில் நிற்கும். பச்சை மாறி மஞ்சளாகும் பழத்தை மரத்திலிருந்தே பறித்து, அன்றைக்கே மணலோடு தேய்த்துச் சதை நீக்கி அலசி, வளவைச் சுற்றிய தாழ்வாரம் போலக் காற்றோடும் நிழலில் ஓலைப்பாயில் பரப்பி, அவ்வப்போது புரட்டிவிட்டால் போதும். உங்கள் டப்பாவில் மீதி இருந்தால் ஒன்றை உடைத்துப் பாருங்கள்: பருப்பு பச்சையாக இருந்தால் உயிருண்டு, பழுப்பேறியிருந்தால் இல்லை. வெயிலில் சூடேறிய பின் காற்றுப் புகாமல் அடைபட்டுக் கிடந்ததால், பழுப்பாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சரக்கொன்றை மட்டும் அநேகமாகச் சாகவில்லை. அதன் கடினத் தோல் தண்ணீரை உள்ளே விடவில்லை, அவ்வளவுதான். விதையின் ஓர் ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்து இரவு முழுதும் ஊறவையுங்கள். மறுநாள் உப்பிய விதைகளை நம்பி விதைக்கலாம். கொன்றை, வாகை, புளி போன்றவற்றைத்தான் டப்பாவில் சேமிக்க வேண்டும். இவ்வகை விதைகளில் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தாலும், வைப்பிடம் 5 டிகிரி குளிர்ந்தாலும் ஆயுள் ஏறக்குறைய இருமடங்காகும் என்பது விதை ஆய்வாளர் ஹாரிங்டன் வகுத்த தோராயக் கணக்கு. போதிய அளவு காய்ந்ததா என்றறிய, உலர்ந்த தூளுப்போடு ஒரு பிடி விதையைக் கண்ணாடிப் புட்டியில் போட்டுக் குலுக்கிச் சற்று நேரம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது. காய்ந்த விதையோடு, வறுத்து ஆறவைத்த அரிசியைத் துணியில் முடிந்து போட்டு மூடுங்கள். வாகையிலும் புளியிலும் வண்டு துளைத்த விதை ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது.

ஐப்பசி மழைக்கு நடவேண்டும் என்ற உங்கள் திட்டத்தை மாற்ற வேண்டியதில்லை. இலுப்பையையும் வேம்பையும் ஆடியிலேயே பாலிதீன் பையில் விதைத்து, கிணற்றுநீர் ஊற்றி நிழலில் வளர்த்தால், மழை இறங்கும்போது கையில் நாற்று இருக்கும்.