குல்மார்க்கில் பனிச்சறுக்கு: ஒரு ஆப் பனி என்கிறது, இன்னொன்று மழை என்கிறது. எதை நம்புவது?

காஷ்மீரின் குல்மார்க்குக்குப் பிப்ரவரி இரண்டாம் வாரத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டு, ஒரே நாளுக்கு ஒரு ஆப் 12 செ.மீ. பனியும் இன்னொரு ஆப் மழையும் காட்டுகிறதே என்று குழம்பிப் போய்க் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே சரியாக இருக்கலாம். நான் இரண்டு முறை போய், முதல் முறை நன்றாக ஏமாந்து கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில், அந்த எண் எந்த உயரத்துக்கானது என்று பாருங்கள். ஸ்ரீநகர் சுமார் 1,585 மீட்டர். நீங்கள் தங்கப்போகும் குல்மார்க் புல்வெளி 2,650. கொண்டோலா என்ற கேபிள் காரின் முதல் கட்டம் உங்களை 3,080 மீட்டரில் கொங்டூரியில் இறக்கும். ஃபேஸ் 2 என்று எல்லோரும் சொல்லும் இரண்டாம் கட்டம் அபர்வட் மலையில் 3,950 மீட்டர் வாக்கில் போய் நிற்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும். அப்படியானால் ஹோட்டல் வாசலில் பூஜ்ஜியம் என்றால் மேலே மைனஸ் 8. காற்றும் சேர்ந்தால் தோலுக்கு அதைவிட மோசம். 'குல்மார்க் வானிலை' என்று ஒற்றை எண்ணைக் காட்டும் ஆப் இதில் எந்தப் படியைச் சொல்கிறது என்பதே பல நேரம் தெரியாது. சில ஆப்கள் அடிவாரம், நடு, உச்சி என்று மூன்றாகப் பிரித்துக் காட்டும். அந்த மாதிரி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

அதில் 'ஃப்ரீசிங் லெவல்' என்று ஒரு வரி இருக்கும். வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தொடும் உயரம் அது. பனி அந்தக் கோட்டுக்கு இருநூறு முன்னூறு மீட்டர் கீழே வரைகூட உருகாமல் வந்து சேரும், அதற்கும் கீழே மழைதான். கோடு 2,000-இல் இருந்தால் கொண்டாட்டம். 3,200-க்குப் போய்விட்டால் மேலே அருமையான பனி விழும், நீங்கள் கீழே குடை பிடித்து நிற்பீர்கள். உங்கள் இரண்டு ஆப்களின் சண்டை பெரும்பாலும் இதுதான்.

இன்னொரு குழப்பம் மில்லிமீட்டர். வானிலைத் துறையின் கணக்கு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை, அதில் மி.மீ. என்று வருவது பனியை உருக்கினால் கிடைக்கும் தண்ணீர். தோராயமாக 1 மி.மீ. தண்ணீர் 1 செ.மீ. பனி. கடுங்குளிரில் அதே தண்ணீர் ஒன்றரை மடங்கு உயரமாகப் பஞ்சுபோல நிற்கும், ஈரப்பனியாக இருந்தால் பாதிக்குப் படிந்துவிடும். 20 மி.மீ. என்றதும் 'வெறும் 2 சென்டிமீட்டரா' என்று உதட்டைப் பிதுக்காதீர்கள், கணுக்காலைத் தாண்டி வரக்கூடிய சமாச்சாரம் அது.

எத்தனை நாள் முன்பு நம்பலாம்? அங்கே குளிர்காலப் பனியைக் கொண்டுவருவது நம் செய்திகளில் மேற்கத்திய இடையூறு என்று வருமே, அதுதான். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிழக்கே நகர்ந்து வந்து பீர் பஞ்சால் மலையில் மோதி ஏறும்போது கொட்டிவிட்டுப் போகும். பத்து நாள் முன்பு ஏதோ ஒன்று வருகிறது என்ற அளவுக்குத்தான் தெரியும். மூன்று நாள் இருக்கும்போது அளவைப் பற்றிப் பேசலாம். பத்து நாள் தள்ளி '37 செ.மீ.' என்று துல்லியமாகக் காட்டினால், வங்கக்கடலில் இன்னும் உருவாகாத புயலுக்குக் கரை கடக்கும் ஊரைச் சொல்பவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இடையூறுகள் வராமலே போகும் காலமும் உண்டு. நான் முதலில் போனது 2024 ஜனவரி. சில்லைக் கலான் என்று காஷ்மீரிகள் சொல்லும் 40 நாள் கடுங்குளிர்க் காலத்தின் நட்டநடுவில், புல்வெளி காய்ந்த பழுப்பு நிறத்தில் கிடந்தது. நான் ஊர் திரும்பிய பிறகு மாதக் கடைசியில் கொட்டியது! 2025-இல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டையே பனி போதாமல் பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளினார்கள். அதனால் உங்கள் தேதியில் இரண்டு நாளாவது கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பெரும்பனி வந்துவிட்டது. அன்றைக்கு மேலே போக முடியாது. புதிதாக வருபவர்கள் ஏமாறுவது இங்கேதான். காற்று அடித்தால் ஃபேஸ் 2 நிற்கும். காற்று ஓய்ந்தாலும் ஸ்கீ பேட்ரோல் என்ற பாதுகாப்புக் குழு சரிவுகளைப் பார்த்து, பாதுகாப்பு என்று சொன்ன பிறகுதான் திறப்பார்கள். சாலையும் அப்படியே. உங்கள் வண்டி மலைக்குக் கீழே உள்ள தங்மார்க் ஊரிலேயே நின்றுவிடும், மீதி 13 கிலோமீட்டருக்குச் சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிதான். பனிப்பொழிவு எண்ணைவிட, அது நின்ற மறுநாளின் காற்றையும் வெயிலையும் நான் இப்போது கூர்ந்து பார்க்கிறேன்.

தரையில் கிடக்கும் பனி எப்படி என்று அறிய எங்கள் பயிற்றுநர் காட்டிய சோதனை மிக எளிது. காலையில் கையுறையோடு ஒரு பிடி அள்ளி அழுத்தினார். விரலிடுக்கில் ரவையாகக் கொட்டியது. "இது மேலே போக வேண்டிய நாள்" என்றார். புட்டு மாவு பதத்தில் பிடித்தால் பிடிபட்டு உதிர்த்தால் உதிர்ந்தால், கற்றுக்கொள்பவர்களுக்கு அதுதான் தோது. கொழுக்கட்டை மாவாக உருண்டால் ஈரம், பலகை ஒட்டிக்கொண்டு முழங்காலைத் திருகிவிடும். அந்த ஈரப்பனி இரவில் உறைந்தால் காலையில் கண்ணாடி. பத்து மணி வெயில் படும்வரை டீ குடித்துக்கொண்டிருங்கள்.

பனிச்சரிவு அறிக்கையை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். 1 முதல் 5 வரை எண் போடுவார்கள். 3 என்றால் 'பாதிதானே' என்று தோன்றும், ஆனால் அந்த நிலையிலேயே ஒருவரின் எடை ஒரு பனிச்சரிவைக் கிளப்பிவிடலாம். 2024 பிப்ரவரியில் குல்மார்க்கில் சறுக்குவதற்கென்று உள்ள பகுதிக்கு வெளியே சறுக்கப்போன ரஷ்யர் ஒருவர் பனிச்சரிவில் இறந்தார். முதல்முறை போகும் உங்களுக்கு ஃபேஸ் 2 தேவையே இல்லை, புல்வெளிச் சரிவு போதும்.

கடைசியாக ஒன்று. நம்மூர் ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்ட் எடுத்துக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் இத்தனை ஆப்களை வைத்துக்கொண்டும் ஹோட்டல்காரரிடம்தான் "பையா, நாளைக்குப் பனி வருமா?" என்று கேட்டுக்கொண்டிருப்பீர்கள். நான் கேட்டேன். அவர் அபர்வட் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு "மதியத்துக்கு மேல்" என்றார். மூன்று மணிக்கு ஆரம்பித்தது.