நிகாப் அணிந்து வந்தால் கவுண்டரில் வேலை நடக்காதா?

கேள்வி: தெமட்டகொடையில் இருக்கிறோம். என் உம்மாவுக்கு 61 வயது, முகத்தை மூடும் நிகாப் அணிபவர். பதினொரு நாளைக்கு முன் ஓர் அரச அலுவலகத்தில் வரிசை இலக்கத் துண்டு எடுத்து இரண்டு மணி நேரம் காத்திருந்தார். முறை வந்ததும், "இது தடை செய்த உடுப்பு, பிரான்ஸில்கூட விடமாட்டார்கள், கழற்றிவிட்டு வாருங்கள்" என்று உத்தியோகத்தர் எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டாராம். தனியாக ஒரு பெண்ணிடம் முகத்தைக் காட்டுகிறேன் என்று உம்மா சொல்லியும் கேட்கவில்லை. இப்போது வெளியே போகவே மாட்டேன் என்கிறார். உண்மையில் தடை இருக்கிறதா?

பதில்: சகோதரி, இல்லை. இதை முதலில் உம்மாவிடம் சொல்லுங்கள்.

தடை ஒன்று இருந்தது உண்மை. உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு, 2019 ஏப்ரல் 29 முதல் அவசரகால ஒழுங்குவிதியின் கீழ் முகத்தை மூடுவது தடுக்கப்பட்டது. அந்த ஓகஸ்ட்டில் அவசரகால நிலை முடிந்ததும் ஒழுங்குவிதியும் போய்விட்டது. 2021 மார்ச்சில் அப்போதைய பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சர் சரத் வீரசேகர புர்காவைத் தடை செய்யும் அமைச்சரவைப் பத்திரத்தில் கையெழுத்திட்டதாக அறிவித்தார், ஏப்ரலில் அமைச்சரவையும் சம்மதித்தது. குழப்பம் இங்கேதான் தொடங்கியது. செய்தியைக் கேட்ட பலர் சட்டமே வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். அமைச்சரவை சம்மதித்தால் மட்டும் சட்டம் ஆகாது. சட்டமூலம் பாராளுமன்றத்தில் நிறைவேற வேண்டும். அப்படி எதுவும் நிறைவேறவில்லை.

பிரான்ஸ் 2010இல் தன் பாராளுமன்றத்தில் சட்டம் இயற்றியது, ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றமும் 2014இல் அதை ஏற்றது. சுவிட்சர்லாந்தில் 2021இல் மக்கள் இப்படியொரு தடைக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். அந்தச் சட்டங்களுக்குக் கொழும்பில் என்ன வேலை? நம் அரசியலமைப்பின் 14ஆவது உறுப்புரை மதத்தைக் கடைப்பிடிக்கும் உரிமையைத் தருகிறது. அதை மட்டுப்படுத்தலாம், ஆனால் சட்டத்தால் மட்டும்தான். கவுண்டரில் இருப்பவரின் வாய்ச்சொல் சட்டம் அல்ல. மத அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்று 12ஆவது உறுப்புரையும் சொல்கிறது.

அதற்காக, முகத்தையே காட்டமாட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. அடையாள அட்டைப் படத்தோடு ஆளை ஒப்பிட்டுப் பார்ப்பது உத்தியோகத்தரின் கடமை, பொலிஸார் கேட்டாலும் அப்படியே. அதை எப்படிச் செய்வது என்பதுதான் விஷயம். ஒரு பெண்ணை உடற்சோதனை செய்வதென்றால் பெண்தான், கண்ணியத்தோடு செய்ய வேண்டும் என்று குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை சொல்கிறது. முகம் பார்ப்பதற்கும் அதே கண்ணியத்தைக் கேட்பதில் என்ன தவறு? உம்மா கேட்டது அதைத்தான். அதை மறுத்து, நூறு பேர் முன்னால் ஒரு வயதான பெண்ணைக் கூச வைத்ததை என்னால் லேசாக எடுக்க முடியவில்லை.

இனி அவசரமான விஷயம். அரச அதிகாரி உரிமையை மீறினால், 126ஆவது உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போடலாம், ஆனால் ஒரு மாதத்துக்குள். உங்களுக்குப் பதினொரு நாள் போய்விட்டது. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. இதை நம்பி, முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்து ஏமாந்தவர்கள் பலர். விசாரணை உண்மையில் நடக்கிறது என்று காட்ட எழுத்தில் ஏதாவது வேண்டும், இல்லாவிட்டால் மனு காலம் கடந்ததாகிவிடும். ஆகவே ஆணைக்குழுவுக்கும் போங்கள், இதே வாரம் ஒரு சட்டத்தரணியையும் பாருங்கள். ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996.

அந்தத் துண்டை எறிந்துவிடாதீர்கள். அன்று உம்மா அங்கே இருந்தார் என்பதற்கு அது சாட்சி. என்ன சொன்னார்கள், எத்தனை மணிக்கு, பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதை உம்மா சொல்லச் சொல்ல இன்றைக்கே எழுதி வையுங்கள். மனுவோடு கொடுக்கும் சத்தியக்கடதாசிக்கு, அதாவது சத்தியம் செய்து கையெழுத்திடும் வாக்குமூலத்துக்கு, அது உதவும்.

அப்புறம், அந்த வேலை இன்னும் முடியவில்லையே. அடுத்த முறை நீங்களும் கூடப் போங்கள். அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒரு பெண் உத்தியோகத்தரைக் கூப்பிடுங்கள், அவரிடம் முகத்தைக் காட்டுகிறேன்" என்று துண்டு எடுக்கும்போதே உம்மா சொல்லட்டும். முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.