கப்பல் விடுமுறை: எதைப் பார்ப்பது, எங்கே நின்று பார்ப்பது?

கடல்வழிச் சுற்றுலா குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஆறினுக்கு இம்முறை விடையளிக்கிறேன்.

கேள்வி: முதன்முறையாகக் குடும்பத்துடன் சொகுசுக் கப்பலில் செல்ல விரும்புகிறோம். விளம்பரங்களில் நீச்சல்குளங்களும் நாடக அரங்குகளுமே தெரிகின்றன. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்: கப்பலின் படங்களை ஒதுக்கிவிட்டுப் பயண நிரலைப் படியுங்கள். மத்தியதரைக் கடல் பயணங்களில் கப்பல் பெரும்பாலும் இரவில் ஓடும், பகலில் துறைமுகத்தில் நிற்கும். ஆகவே அங்கே கரையில் எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்பதையே கணக்கிட வேண்டும். நிரலில் ‘ரோம்’ என்று அச்சிட்டிருந்தாலும் கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில்; நகரம் அங்கிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர். ‘ஃபுளோரன்ஸ்’ என்றிருந்தால் கப்பல் லிவோர்னோவில் நிற்கும். தொலைவு இன்னும் சற்று அதிகம். போக வரச் சாலையில் செலவாகும் நேரத்தைக் கழித்துப் பார்த்தால், பெரிய நகரம் ஒன்றைக் காண நான்கைந்து மணி நேரம் மிஞ்சுவதே அரிது.

நார்வேயின் ஃபியார்டுகள் (செங்குத்தான மலைகளுக்கிடையே நீண்டு புகுந்த கடல்கழிகள்), அலாஸ்காவின் பனியாறுகள், பனாமா கால்வாய் ஆகிய தடங்களில் நிலைமை வேறு. அங்கே கப்பல் செல்லும் வழியே காட்சி. முதல் பயணத்துக்கு இவற்றுள் ஒன்றையே பரிந்துரைப்பேன். நகரங்களை ரயிலில் சென்றும் நிதானமாகப் பார்க்கலாம்; இந்த இடங்களின் முழு உருவமும் தண்ணீரின் மேலிருந்து பார்க்கும்போதுதான் புலப்படும்.

கேள்வி: பனாமா கால்வாயைக் கடக்க ஒரு பகல் முழுவதும் ஆகுமாமே! அவ்வளவு நேரம் பார்க்க அங்கே என்ன இருக்கிறது?

பதில்: ‘கால்வாய்’ என்றதும் நேராக வெட்டிய நீர்வழி ஒன்று மனத்தில் தோன்றுகிறது. உண்மையில் இது கப்பலைப் படிப்படியாக உயர்த்தி, நிலத்தின் மேலே கொண்டுசென்று, மறுபுறம் இறக்கிவிடும் ஏற்பாடு. சாக்ரெஸ் ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டி உருவாக்கிய காட்டுன் ஏரி, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 26 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அட்லாண்டிக் பக்கமிருந்து வரும் கப்பல் மதகு அறைக்குள் நுழைந்ததும் பின்னால் கதவுகள் மூடிக்கொள்கின்றன. ஏரியின் நீர் அடித்தளத்துக் குழாய்வழிகளில் இறங்கி அறையை நிரப்ப, கப்பல் மெல்ல எழுகிறது. எந்த எந்திரமும் இந்த நீரை இறைத்து நிரப்புவதில்லை. புவியீர்ப்பு ஒன்றே அதை நகர்த்துகிறது. மூன்று அறைகளில் இப்படி ஏறிய பிறகே ஏரி வரும்.

பழைய மதகு அறைகளின் அகலம் 33.5 மீட்டர்; அவற்றில் நுழையும் மிகப் பெரிய கப்பல்களின் அகலம் 32 மீட்டரைச் சற்றே தாண்டும். இருபுறமும் எஞ்சும் இரண்டடி இடைவெளியில் கப்பல் சுவரில் உரசாதபடி, கரையோரத் தண்டவாளங்களில் செல்லும் மின்எஞ்சின்கள் கம்பிவடங்களால் அதை நடுவில் பிடித்துக்கொள்கின்றன. மேல்தளத்தின் ஓரத்தில் நின்றால், பக்கத்துச் சுவர் உங்கள் கண்ணெதிரே தாழ்ந்துகொண்டே போவதைக் காணலாம். 2016-இல் திறந்த அகலமான புதிய மதகுகளில் இந்த வேலையை இழுவைப் படகுகள் செய்கின்றன.

ஏரியில் தெரியும் தீவுகளைக் கவனியுங்கள். அவை நீரில் மூழ்கிய குன்றுகளின் உச்சிகள். அதன் பின் வருகிறது கூலப்ரா கணவாய். கண்டத்தின் முதுகெலும்பான மலைத்தொடரை வெட்டிப் பிளந்த இடம் அது. 1881-இல் பணியைத் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனம் 1889-இல் நொடித்துப்போனது. மஞ்சள் காய்ச்சல், மலேரியா முதலிய நோய்களாலும் விபத்துகளாலும் அக்காலத்தில் இறந்தவர்கள் ஏறக்குறைய 22,000 பேர் என்பது பரவலான மதிப்பீடு. 1904-இல் பொறுப்பேற்ற அமெரிக்கர்கள் கொசுவை ஒழிப்பதையும் கால்வாய்ப் பணியின் பகுதியாகவே கொண்டனர். 1914 ஆகஸ்ட் 15 அன்று கால்வாய் திறந்தது. கூலப்ராவின் சரிவுகளைக் கடக்கும்போது நீங்கள் தங்கும் அறைக்குள்ளேயே இருந்துவிடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

சீட்டு வாங்குமுன் ஒன்றை உறுதி செய்யுங்கள்: சில பயணங்கள் ஏரி வரை ஏறி, வந்த வழியே கரீபியன் கடலுக்குத் திரும்பிவிடும். முழுக் கடப்பு வேண்டுமென்றால் நிரலில் அது தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கேள்வி: கடலில் வயிற்றைப் புரட்டும் என்ற அச்சத்தால் பயணத்தைத் தள்ளிப்போட்டு வருகிறேன். வழி உண்டா?

பதில்: உண்டு. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் அறை எடுங்கள். ஏறி இறங்கும் சீசா பலகையின் நடுவில் அமர்வது போல அங்கே ஆட்டம் மிகக் குறைவு. பெரிய கப்பல்களின் அடியில் இருக்கும் நிலைப்படுத்தும் துடுப்புகள் பக்கவாட்டு ஆட்டத்தைத் தணிக்கும். முன்பின் ஆட்டத்தை அவ்வளவாகத் தணிப்பதில்லை. புரட்டல் தொடங்கியதும் வெளியே வந்து தொடுவானத்தில் பார்வையை நிறுத்துங்கள். மாத்திரையை முன்கூட்டியே மருத்துவரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். புரட்டல் முற்றிய பின் விழுங்குவதால் பெரும்பயன் இல்லை.

கேள்வி: பனியாறு பார்க்க வேண்டும் என்பது எழுபது வயதைத் தாண்டிய என் பெற்றோரின் ஆசை. அதிகம் நடக்க இயலாது. அலாஸ்காவா, அண்டார்டிகாவா?

பதில்: அலாஸ்கா. அண்டார்டிகாவில் 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல்கள் எவரையும் கரையிறக்குவதில்லை. சிறிய கப்பல்களிலும் ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் கரையில் இருக்கக்கூடாது. அவர்களும் ரப்பர் படகில் சென்று, பலவேளை தண்ணீரில் கால் வைத்துத்தான் ஏறவேண்டும். அதற்கு முன், ஏறத்தாழ 800 கிலோமீட்டர் அகலமுள்ள டிரேக் நீரிணையின் அலைகளைத் தாங்கவேண்டும்.

அலாஸ்காவின் கிளேசியர் பே தேசியப் பூங்காவிலோ பயணிகள் இறங்கவே வேண்டியதில்லை. பூங்காக் காவலர்கள் கப்பலுக்கே வந்து விளக்குகிறார்கள். கப்பல் பனிச்சுவருக்கு எதிரே வெகுநேரம் நிற்கிறது. 1794-இல் ஆங்கிலேயக் கடலாய்வாளர் ஜார்ஜ் வான்கூவரின் குழுவினர் வந்தபோது இந்த விரிகுடா ஏறக்குறைய முழுவதும் பனியாக இருந்தது. இன்று கப்பல்கள் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உள்ளே செல்கின்றன. பனிப்பாளம் முறிந்து கடலில் விழும் ஓசையை அப்பகுதியின் பழங்குடியினரான டிலிங்கிட் மக்கள் ‘வெள்ளை இடி’ என்கிறார்கள். கண்ணுக்கு முதலில் தெரிவது விழும் பனி. ஓசை சற்றுத் தாமதித்தே வந்து சேரும் என்பதைப் பெற்றோரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

கேள்வி: பெரிய கப்பல்களை எதிர்த்து உள்ளூர் மக்கள் போராடுவதாகப் படிக்கிறோம். நாம் செல்வது முறையா?

பதில்: அவர்களின் குறை நியாயமானது. சில ஆயிரம் பேர் ஒரே காலையில் இறங்கி, மாலைக்குள் திரும்பிவிடுவதை ஒரு சிறிய பழைய நகரம் எப்படித் தாங்கும்? வெனிஸ் நகரின் ஜூடெக்கா கால்வாயில் 2021 ஆகஸ்ட் முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் செல்லத் தடை உள்ளது. (இந்த ‘டன்’ கப்பலின் எடையைக் குறிப்பதன்று, அதன் உள்கொள்ளளவின் அளவை.) கலாபகஸ் தீவுகளில் ஒரு கப்பலுக்கு 100 பயணிகளே உச்சவரம்பு. இப்படி எண்ணிக்கையை வரையறுத்த இடங்களையும் சிறிய கப்பல்களையும் தேர்ந்தெடுங்கள். கூட்டம் மிகும் மாதங்களைத் தவிருங்கள். செல்வதே தவறு என்று நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: நார்வே பயணத்துக்குப் பதிவு செய்திருக்கிறோம். எந்தப் பக்கத்து அறை நல்லது?

பதில்: பெர்கனிலிருந்து கடற்கரையை ஒட்டி வடக்கே மட்டும் செல்வதாக இருந்தால், வலப்பக்கத்தில் கரை தெரியும். போய்த் திரும்பும் பயணத்தில் வேறுபாடு இல்லை. கெய்ராங்கர் ஃபியார்டில் ‘ஏழு சகோதரிகள்’ என்ற அருவி ஒரு கரையிலும், அவர்களை மணக்கக் கேட்டு நிற்பதாகக் கதை சொல்லப்படும் ‘மணம் கேட்பவன்’ என்ற அருவி நேர் எதிர்க்கரையிலும் விழுகின்றன. எந்தப் பால்கனியிலிருந்தும் இரண்டில் ஒன்றுதான் தெரியும். கப்பல் அங்கே நெருங்கும் நேரத்தை முந்தைய நாளே கேட்டுவைத்துக்கொண்டு, அரை மணி முன்னதாக முன்முனையின் திறந்த தளத்துக்குச் சென்று நில்லுங்கள்.