எது நல்ல ஏரியா?

கேள்வி: பொறியியல் முடித்த எனக்குச் சென்னை சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஆகஸ்ட் மாதம் சேர வேண்டும். பிடித்தம் போகக் கையில் 30,000 ரூபாய் வரும். உறவினர்கள் இருக்கிறார்கள், ஊர் ரயிலும் அங்கே நிற்கும் என்பதால் தாம்பரத்தில்தான் தங்க வேண்டும் என்கிறார் அப்பா. சோழிங்கநல்லூர் இருக்கும் ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) கட்டடங்கள்தான் இருக்கின்றன, திருவான்மியூர், அடையாறு பக்கம் பார் என்கிறாள் கல்லூரித் தோழி. என்னுடன் வேலையில் சேரும் பெண்கள் நாவலூரில் ஓர் அடுக்குமாடி வீட்டைச் சேர்ந்து எடுக்கலாம், இந்த வாரமே அட்வான்ஸ் கட்ட வேண்டும் என்கிறார்கள். இவற்றில் எது நல்ல ஏரியா?
— வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: முதலில், அந்த அட்வான்ஸை இந்த வாரம் கட்டாதீர்கள். நீங்கள் பார்த்திராத தெருவில், பார்த்திராத வீட்டுக்கு, இனிமேல்தான் அறிமுகமாகப் போகிறவர்களுடன் சேர்ந்து பல மாத வாடகையை முன்கூட்டியே கொடுப்பதற்கு அவசரம் என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை.

அப்பாவின் காரணம், தோழியின் காரணம், சக ஊழியர்களின் காரணம் எல்லாம் கடிதத்தில் இருக்கின்றன. உங்கள் வேலை நேரம் மட்டும் இல்லை. நீங்கள் காலை ஒன்பது மணிக்குப் போய் மாலை ஆறு மணிக்குத் திரும்பப் போகிறீர்களா, அல்லது வெளிநாட்டு வாடிக்கையாளரின் நேரத்துக்கு ஏற்ப நள்ளிரவில் வெளியே வரப் போகிறீர்களா? இரவுப் பணி என்றால் நிறுவனத்தின் வண்டி எந்த எல்லை வரை வந்து விடும், வீட்டு வாசல் வரை வருமா, முதன்மைச் சாலையிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுமா என்பதை மனிதவளத் துறைக்கு இன்றே எழுதிக் கேளுங்கள். அந்தப் பதில் வராமல் சென்னையில் எந்த ஏரியாவைப் பற்றிப் பேசுவதும் வீண்.

உங்கள் அப்பாவின் யோசனையில் நியாயம் இருக்கிறது. செங்கோட்டையிலிருந்து வரும் பொதிகை விரைவு ரயில் தாம்பரத்தில் நிற்கிறது. தென்மாவட்டப் பேருந்துகளுக்கான கிளாம்பாக்கம் முனையமும் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்டுவிட்டது. தென்மாவட்டத்துக் குடும்பங்கள் தலைமுறைகளாகத் தாம்பரத்தைச் சுற்றிக் குடியேறியதற்கு இந்த ரயில் வழி ஒரு முக்கியக் காரணம். ஆனால் நீங்கள் ஊருக்கு வரப்போவது மாதத்துக்கு ஒரு முறையோ, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டுமோதான். அலுவலகத்துக்கோ தினமும் இரண்டு முறை பயணம் செய்ய வேண்டும். தாம்பரத்திலிருந்து சோழிங்கநல்லூருக்கு மின்சார ரயில் கிடையாது. மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாக ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் சாலையிலேயே போக வேண்டும். மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பாதையில் ஒன்று அந்த வழியாகவே சோழிங்கநல்லூருக்கு வருகிறது என்பதால், கட்டுமானம் நடக்கும் இடங்களில் சாலை குறுகிக் கிடக்கிறது. உங்கள் அலுவலகம் கிண்டியிலோ நுங்கம்பாக்கத்திலோ இருந்திருந்தால், கடற்கரை – தாம்பரம் மின்சார ரயிலை நம்பி அப்பாவின் சொல்லை அப்படியே கேளுங்கள் என்று எழுதியிருப்பேன்.

உங்கள் தோழி சொல்வதிலும் உண்மை உண்டு. திருவான்மியூரில் கடற்கரை உண்டு, சந்தை உண்டு, மருந்தீஸ்வரர் கோயில் தெருக்களில் இரவு நெடுநேரம் ஆள் நடமாட்டம் உண்டு. வேளச்சேரி – கடற்கரை பறக்கும் ரயிலில் ஏறினால் மயிலாப்பூருக்கு எளிதில் போய்விடலாம். ஆயினும் அந்த ரயில் சோழிங்கநல்லூர்ப் பக்கம் வராது. அலுவலகத்துக்கு நீங்கள் ஓஎம்ஆர் பேருந்தைத்தான் நம்ப வேண்டும், அதுவும் நகரமே தெற்கு நோக்கி நகரும் காலை வேளையில். அங்குள்ள வாடகையைத் தனியாகத் தாங்க உங்கள் சம்பளம் போதாது; நான்கு பேர் சேர்ந்தால்தான் முடியும். நாவலூர் அலுவலகத்துக்கு அருகில் இருக்கிறது. அதன் சிக்கல் தண்ணீர்.

தண்ணீரைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை என்பதுதான் எனக்கு மிகுந்த கவலை அளிக்கிறது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டபோது, குடிநீர்க் குழாய் முழுமையாகச் சென்று சேராத ஓஎம்ஆர் அடுக்குமாடிகள் டேங்கர் லாரியை நம்பியே உயிர் வாழ்ந்தன; சில நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னதும் அப்போதுதான். அதே நிலப்பரப்பு மழைக்காலத்தில் வெள்ளத்தில் நிற்கிறது. வேளச்சேரியும் பெரும்பாக்கமும் துரைப்பாக்கத்தின் பெரும்பகுதியும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்திலோ அதன் வடிகால் வழியிலோ எழுந்தவை. பல ஆயிரம் ஹெக்டேர் பரந்திருந்த அந்தச் சதுப்பு, குப்பைக் கிடங்காலும் கட்டடங்களாலும் சுருங்கிய பிறகே, 2022-இல் ராம்சர் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. தென்சென்னையின் மழைநீர் போய்த் தங்க வேண்டிய இடத்தில் நாம் வீடு கட்டியிருக்கிறோம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அந்த நீர் தன் இடத்துக்கே திரும்பி வந்தது. பெருமழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரிவாசிகள் தங்கள் கார்களை மேம்பாலத்தின் மேல் கொண்டுபோய் வரிசையாக நிறுத்துகிறார்கள் என்றால், அவர்களுடைய அனுபவத்தை நீங்களும் மதிக்கத்தான் வேண்டும்.

வெள்ளம் ஏரியாவின் பெயரைப் பார்த்து வருவதில்லை. 2015-இல் எளியவர் வாழும் ஜாபர்கான்பேட்டையும் மூழ்கியது, வசதியானவர் வாழும் கோட்டூர்புரமும் மூழ்கியது. ஒரே பகுதியில் ஒரு தெருவில் இடுப்பளவு நீர் நிற்க, அடுத்த தெருவில் பால் வண்டி போய்க்கொண்டிருக்கும். ஆகவே தெருவைத்தான் விசாரிக்க வேண்டும். தரகரிடம் கேட்காதீர்கள், தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடமும் மளிகைக் கடைக்காரரிடமும், மிக்ஜாமின்போது இங்கே தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது, எத்தனை நாள் மின்சாரம் இல்லை என்று கேளுங்கள். தரைத்தளச் சுவரில் ஈரக்கறை எதுவரை ஏறியிருக்கிறது, மின் மீட்டர் பெட்டியை எந்த உயரத்துக்கு மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். காவலாளியிடம், கோடையில் ஒரு நாளைக்கு எத்தனை லாரி தண்ணீர் வருகிறது, அதற்கான பணம் பராமரிப்புக் கட்டணத்தில் அடங்குமா, தனியா என்று கேளுங்கள்.

இப்போது ஆகஸ்டுக்கு வருகிறேன். அந்த மாதத்தில் நீங்கள் பார்க்கும் தெருக்கள் பெரும்பாலும் காய்ந்து கிடக்கும். எல்லா வீடும் நல்ல வீடாகவே தெரியும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில்தான் தொடங்குகிறது. எனவே என் யோசனை இது: பொங்கல் வரை சோழிங்கநல்லூர், காரப்பாக்கம், துரைப்பாக்கம் ஆகிய ஓஎம்ஆர்ப் பகுதியில், முதன்மைச் சாலையிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில், ஒரு மகளிர் விடுதியில் தங்குங்கள். 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விடுதிகள் சட்டப்படி மகளிர் விடுதிகள் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அந்த உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சாப்பாடு சுமாராகத்தான் இருக்கும், அறையும் சிறியதாக இருக்கும். ஆனால் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணம் இலவசம் என்பதால் ஓஎம்ஆர் முழுவதும் சுற்றிப் பார்க்க உங்களுக்குப் பெரிய செலவு ஆகாது. மழை பெய்த மறுநாள் காலையில் நாவலூருக்கும் திருவான்மியூருக்கும் போய், உங்கள் பட்டியலில் உள்ள தெருக்களை நடந்து பாருங்கள். இரவு ஒன்பது மணிக்கும் ஒரு முறை பேருந்தில் இறங்கி அந்த வீடு வரை நடந்து பாருங்கள். விளக்கு எரிகிறதா, கடை திறந்திருக்கிறதா, உங்கள் மனம் நிம்மதியாக இருக்கிறதா என்பதை அந்த நடையே சொல்லிவிடும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ‘அந்த ஏரியா சரியில்லை’ என்று கண்ணகி நகரையும் செம்மஞ்சேரியையும் காட்டி உங்களிடம் நிச்சயம் சொல்வார்கள். நகரின் நடுவிலிருந்து, வேலைக்கும் பள்ளிக்கும் அருகில் வாழ்ந்த ஏழை மக்களை அரசு கொண்டுவந்து குடியமர்த்திய இடங்கள் அவை. உங்கள் அலுவலகத்தைத் துப்புரவாக வைத்திருப்பவர்களிலும், அங்கே காவல் நிற்பவர்களிலும் பலர் அங்கிருந்துதான் வருகிறார்கள். மனிதர்களின் வறுமையை ஆபத்து என்று படிக்கக் கற்றுக்கொடுப்பவர்களின் பேச்சை நம்பி வீடு தேடாதீர்கள். அதேபோல், வீடு காட்டும்போது சாதியைக் கேட்பவரும், சைவம் மட்டும் என்ற பெயரில் அதையே சுற்றி வளைத்துக் கேட்பவரும் உங்களுக்கு எதிர்ப்படுவார்கள். பதில் சொல்லாமல் வெளியே வந்துவிடுங்கள். முதல் நாளே அப்படிக் கேட்கிறவர், உங்களைப் பார்க்க யார் வருகிறார்கள், நீங்கள் எத்தனை மணிக்குத் திரும்புகிறீர்கள் என்று மாதந்தோறும் கேட்பார்.

தை பிறந்தபின் வீடு எடுக்கும்போது ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், எழுத்து ஒப்பந்தத்தையும் அதை வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்வதையும் கட்டாயமாக்கியிருக்கிறது. வேறு உடன்பாடு இல்லாத நிலையில் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. ‘வேறு உடன்பாடு’ என்ற அந்த வாசலின் வழியாகத்தான் பத்து மாத அட்வான்ஸ் என்னும் பழைய வழக்கம் இன்னும் உள்ளே வருகிறது என்பதால், கையெழுத்திடும் முன் அந்தப் பத்தியைத் திரும்பப் படியுங்கள். சேர்ந்து தங்கும் பெண்கள் எல்லோருடைய பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். ஒருவர் வேலை மாறிப் போனால் அவருடைய பங்கு அட்வான்ஸை யார், எப்போது திருப்பித் தருவது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். மின் கட்டணத்தை வாரியத்தின் கணக்குப்படி கட்டுவீர்களா, உரிமையாளர் ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு என்று வைத்த விலைக்கா என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். சாவி வாங்கும் நாளில் மீட்டரில் உள்ள அளவைக் குறித்து, அதன் கீழே உரிமையாளரின் கையொப்பத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.